குரல் கேட்ட நாள்

ஜூன் 5

காலையில் கொடியில் போட்ட துணியை மத்தியானம் எடுத்தபோது போட்டதைவிட ஈரமாக இருந்தது. சாரல் வந்துவிட்டது. மேற்கே மலை பாதிக்குமேல் காணவில்லை. தென்காசி முழுக்க இன்று அருவியில் தண்ணீர் விழுகிறதா என்பதே பேச்சாக இருந்திருக்கும். எனக்குச் சில்வண்டு கத்தத் தொடங்கியதா என்பதுதான் பேச்சு.

நோட்டில் புதுப் பக்கத்துக்குக் கோடு போட்டேன். இது பன்னிரண்டாவது வருடம். இடது பக்கம் பெயர்: சில்வண்டு, இலைத்தவளை, தையல்சிட்டு, தேன்சிட்டு, செம்போத்து, கடைசியில் ஆறுமணிக்குருவி. அதற்கு நேரே ‘குரல் கேட்ட நாள்’. கண்ணில் பட்டது கணக்கில் சேராது. அது நானே வைத்துக்கொண்ட சட்டம். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பின்வாசல் படியில் காப்பியோடு நிற்பேன். காதில் விழுந்தால்தான் எழுதுவேன். கண் ஆசைப்பட்டால் இலையைக்கூடக் குருவியாக்கிவிடும். விலங்கியல் பட்டத்தில் எனக்கு மிச்சமிருப்பது இந்த ஒழுங்கு ஒன்றுதான்.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். முதல் வருடம் சில்வண்டு மே 29. பிறகு ஒவ்வொரு வருடமும் நாலு நாள், ஐந்து நாள் தள்ளி. போன வருடம் ஜூலை 11. பருவமே தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. இவரிடம் காட்டினேன்.

“பேப்பருக்கு எழுதிப் போடேன், உலகு” என்றார். தாலுகா ஆபீசில் எல்லாவற்றுக்கும் ஒரு மனு எழுதச் சொல்லிச் சொல்லி வீட்டிலும் அதே வாய்.

ஜூன் 12

பருப்பு அடிப்பிடித்தது. குக்கரின் வெயிட்டைச் சுரண்டிக் கழுவினேன். துளையில் அழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விசில்கூட வரவில்லை. புதிது வாங்க வேண்டும்.

சில்வண்டு இல்லை.

ஜூன் 21

இன்றும் இல்லை. ஒரு வாரமாக நல்ல சாரல். மாமரத்தடியில் கால் வழுக்குகிறது, துணி துவைக்கும் கல் பாசி பிடித்துவிட்டது, வாழைக்கன்றுகள் மூன்றும் ஒரே வாரத்தில் ஒரு முழம் ஏறிவிட்டன. எல்லாம் வந்துவிட்டது, சத்தம் வரவில்லை.

முருங்கையில் அணில் ஒன்று தலைகீழாக நின்று வாலைத் தூக்கித் தூக்கி வெட்டியது. கீழே பூனை. அணில் வழக்கமாக இந்த நேரத்தில் தெருவையே கூட்டிவிடும். வாய் திறந்து மூடியதே தவிர ஒரு சத்தம் இல்லை. வால் மட்டும் நடுங்கியது. நரம்பைத் தாக்கும் மருந்து பட்டால் இப்படி இருக்கும் என்று படித்திருக்கிறேன்.

ஜூன் 29

இன்று விளங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு வடிவக்கா முதுகில் தெளிப்பான் டப்பாவை மாட்டிக்கொண்டு, எங்கள் சுவரை ஒட்டிய பிச்சி வரிசைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு செடி. மொட்டுப் பறித்துக் கோயில் வாசல் பூக்கடைகளுக்குக் கொடுக்கிறாள். இடுப்பளவு சுவர். காற்று மேற்கிலிருந்து. அவள் தெளிப்பது அத்தனையும் எங்கள் தோட்டத்தில்தான் வந்து இறங்கும்.

ஜூலை 2

கேட்டேவிட்டேன்.

“அக்கா, என்ன மருந்து அடிக்கீங்க?”

“மருந்தா? புளிச்ச மோரும் வேப்பெண்ணெயும்ட்டி. மொட்டுல புழு உக்காருதுல்லா.”

“போன வருஷமும் இதுதானா?”

“எல்லா வருஷமும் இதுதான். ஏன், நாத்தம் அடிக்கா?”

“இங்க ஒரு பூச்சி கத்தலக்கா. ஒரு சிட்டு கூவல.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு ஏதோ சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதால் பிடிபடவில்லை. நான் உள்ளே வந்துவிட்டேன். மோர் என்றால் மோரா? தெளிப்பானில் மோர் ஊற்றுகிறவளை நான் எங்கும் கண்டதில்லை.

தாரணி பிறந்தபோது நாற்பது நாளும் எனக்குப் பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போட்டவள் வடிவக்கா. அதனால்தான் மூன்று நாள் கேட்காமல் இருந்தேன்.

ஜூலை 9

டியூஷன் பிள்ளைகளில் நாலு பேரைக் குரலை உயர்த்திப் படிக்கச் சொன்னேன். இப்போதைய பிள்ளைகள் உதட்டுக்குள்ளேயே பேசுகிறார்கள். பொம்பளைப் பிள்ளைகள் அதைவிட மோசம். ஒருத்தியை மூன்று தடவை திரும்பச் சொல்லவைத்தேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஒரு முறுக்கு கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 15

யோசித்து எழுதுகிறேன். இது கோபத்தில் எழுதுவதல்ல.

கேட்பவை: செம்போத்து, மயில், காகம், மணிப்புறா, கிணற்றடிப் பெருந்தவளை.
கேட்காதவை: சில்வண்டு, இலைத்தவளை, தையல்சிட்டு, தேன்சிட்டு, அணில்.

பெரியவை எல்லாம் தப்பித்துவிட்டன. சின்னவை போய்விட்டன. விஷம் இப்படித்தான் வேலை செய்யும். முதலில் பூச்சி, அடுத்து பூச்சியைத் தின்பவை. பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியது போல இருக்கிறது. வாழைப்பூவில் ஒரு தேன்சிட்டு வந்து தொங்கியதை நேற்றுப் பார்த்தேன். மினுமினுப்பாகத்தான் இருந்தது. ஆனால் கூவவில்லை. பலவீனம்.

தாரணியிடம் இதைக் காட்டினேன். பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் எடுத்திருக்கிறாள், அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன். பட்டியலை இரண்டு முறை படித்தாள். நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 23

வேளாண்மை அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். இவரிடம் சொல்லவில்லை.

இருப்புக்கொள்ளவில்லை. கொடியில் துணியைப் போட்டேன், எடுத்தேன், திரும்பப் போட்டேன்.

ஆகஸ்ட் 1

ஒரு அலுவலர் வந்தார், இளைஞர். வடிவக்கா தெளிப்பானின் மூடியைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினாள். அவர் தும்மினார்.

“மோருதான்மா” என்றார் என்னிடம், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று. “நல்ல பழக்கம். நாங்களே இதத்தான் சொல்லுதோம்.”

“இன்னைக்கு மோரு ஊத்தியிருப்பாங்க” என்றேன்.

வடிவக்கா மூடியைப் போட்டுத் திருகினாள். திருகிக்கொண்டே இருந்தாள். மூடி எப்போதோ இறுகிவிட்டது.

சாயங்காலம் இவருக்கு விஷயம் தெரிந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரே வந்து உட்கார்ந்தார். “உலகு, அவ நமக்கு என்ன செஞ்சா?” என்றார். நான் நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் எழுந்து போனார். கொஞ்ச நாளாகவே இவருக்கு என்னவோ. எது பேசுவதானாலும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டுதான் பேசுகிறார்.

ஆகஸ்ட் 9

வடிவக்கா பிச்சி வரிசையை வெட்டிவிட்டாள்.

காலையில் மண்வெட்டியோடு வந்தாள். நான் படியில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் முதல் செடியை வெட்டினாள். எட்டு வருடச் செடிகள். மொட்டு அப்படியே இருந்தது, நாளை விரியும் மொட்டு. எட்டாவது செடியில் மூச்சு வாங்கி நின்றாள்.

“ஒனக்கு நிம்மதி இல்லன்னா எனக்கு எதுக்குட்டி இந்தப் பிச்சி?” கத்தித்தான் சொன்னாள், முழுசாகக் கேட்டது. “இனிமே ஒன் பூச்சி கத்தட்டும். நல்லாக் கத்தட்டும்.”

இருபத்திரண்டையும் வெட்ட மத்தியானம் ஆகிவிட்டது. தாரணி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையோடு சுவர் ஓரம் நின்று பார்த்தாள். இன்றைக்கு என்னோடு சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 10

மண் ஆற ஆறு வாரம் வேண்டும். பொறுத்துப் பார்ப்போம்.

செப்டம்பர் 7

நாலு வாரம். ஒன்றும் இல்லை. செம்போத்து மட்டும் கிணற்றுப் பக்கம் ‘ஊப் ஊப்’ என்கிறது. அது என்னோடு பேசுவது போலவே இருக்கிறது.

வடிவக்கா வீட்டுக் கொழுக்கட்டை இந்தச் சதுர்த்திக்கு வரவில்லை. பதினேழு வருடத்தில் முதல் தடவை.

செப்டம்பர் 20

ஆறு வாரம் முடிந்தது. மாலை ஆறு மணிக்குப் படியில் நின்றேன். சாரல் விட்டு, வானம் கழுவிவிட்டது போல இருந்தது. தாரணி உள்ளே படித்துக்கொண்டிருந்தவள் வந்து என் தோளைத் தொட்டாள். கூப்பிடாமல் தோளைத் தொடுவது இப்போது இவளுக்கும் பழக்கமாகிவிட்டது.

“இன்னும் ஒன்னும் கத்தல பாரு” என்றேன்.

“கத்துதும்மா.”

“எது?”

“எல்லாம். சில்வண்டு காது கிழியக் கத்துது. நா ஜன்னலச் சாத்திட்டுதான் படிக்கேன்.”

“வடிவு பெரியம்மாவுக்காகப் பொய் சொல்லாத.”

“யாருக்கும்மா பொய்? ஊருக்கே கேக்கு, ஒனக்கு மட்டும்தான்...”

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தை நானும் கேட்கவில்லை. காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

செப்டம்பர் 21

புதுக் குக்கரும் விசில் அடிக்கவில்லை. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே நன்றாக அடிக்கிறதாம். கடைக்காரர் எனக்குக் காட்டினார். ஆவி வந்ததைப் பார்த்தேன். “சரி” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 2

மகாளய அமாவாசை. அம்மாவுக்கு இலை போட்டேன். காகம் ஒரே கூப்பாட்டில் வந்தது. அதன் குரல் நன்றாகக் கேட்டது. அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் காது போய்விட்டது. வீட்டில் எல்லோரும் அவளிடம் கத்தித்தான் பேசுவோம். தெருவில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது, இங்கே எழுதமாட்டேன். நான் கல்லூரி முதலாம் ஆண்டு. ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். அம்மா எதிரே உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பேன். அம்மா பதறிப்போய்க் காதைப் பக்கத்தில் கொண்டுவருவாள். “கொஞ்சங்கூடக் கேக்கலயே தாயி, சுத்தமாப் போயிட்டோ?” என்பாள். அப்போது நான் சிரிப்பேன். அவளும் பிறகு சிரிப்பாள். பல தடவை செய்திருக்கிறேன்.

இலையில் வடை மிச்சம் இருந்தது. அணில் எடுத்துக்கொண்டு போனது.

அக்டோபர் 12

வடகிழக்கு மழை இரண்டு நாளாக. இன்று ஐந்தரை மணிக்குக் கொஞ்சம் விட்டது. துவைக்கும் கல்லின் மேல் விட்ட வாளியை எடுக்கப் போனேன். கல்லுக்குப் பின்னால் சேம்பு இலையில், கட்டைவிரல் நகம் அளவு இலைத்தவளை ஒன்று.

அதன் தொண்டைக்குக் கீழே சோப்புக் குமிழி போல ஒன்று உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது. தவளை எதற்காக அப்படிச் செய்யும் என்று விலங்கியல் படித்த யாருக்கும் தெரியும்.

நான் ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். எண்ணினேன். பதினொரு தடவை. முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனேன். என் மூச்சுப் பட்டு நிறுத்திக்கொண்டது. பின்னால் நகர்ந்தேன், மறுபடி தொடங்கியது. என் எதிரே உட்கார்ந்து, சத்தமே இல்லாமல்.

தாரணி குடையோடு வந்தாள்.

“இது கத்துதா?” என்று கேட்டேன்.

அவள் தவளையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“காது வலிக்கிற மாதிரி கத்துதும்மா.”

“எத்தன நாளா?”

“எப்பவும் கத்துறதுதான்.”

அவள் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அதுவரை மழை திரும்பவும் தொடங்கியிருந்தது எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 13

மழை.

அக்டோபர் 18

திருநெல்வேலியில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். எனக்குக் கேட்காதபோதும் அமுக்கினேன். இந்நேரம் வந்திருக்கும் என்று ஒரு கணக்கில். வெளியிலிருந்த பெண் கதவைத் திறந்து, “மேடம், கேட்டா மட்டும் அமுக்குங்க, போதும்” என்றாள். தேர்வில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டது போல இருந்தது.

டாக்டர் ஒரு கோடு காட்டினார். இடது பக்கம் சமதளம். நடுவிலிருந்து வலது பக்கம் மலைச்சரிவு போல இறங்கியது.

“தாழ்ந்த சத்தம் எல்லாம் நல்லாக் கேக்கும்மா ஒங்களுக்கு. கீச்சுன்னு வார சத்தம்தான் போயிருக்கு. இது ஒரே நாள்ல போறதில்ல. ஒரு பத்துப் பன்னெண்டு வருஷமா, உச்சியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா. குடும்பத்தில யாருக்கும் உண்டுமா?”

“எங்கம்மாவுக்கு” என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். சில்வண்டு: மே 29. ஜூன் 2. ஜூன் 6. ஜூன் 10. ஜூன் 14... ஜூலை 11. ஒவ்வொரு வருடமும் அது இன்னும் பெருங்கூட்டமாகச் சேர்ந்து, இன்னும் உரத்துக் கத்த வேண்டியிருந்திருக்கிறது, என் காதில் விழுவதற்கு. பருவம் எங்கும் தள்ளிப்போகவில்லை. சில்வண்டு அதன் நாளில் வந்து கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பதினொரு வருடம், கோடு போட்டு, நாள் தவறாமல், என் காது போவதை நானே எழுதிவைத்திருக்கிறேன்.

“ஒங்களுக்குத் தெரியுமா?” என்று இவரைக் கேட்டேன்.

“மூணு வருஷமாத் தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ இந்த நோட்ட மூடிருவேன்னு நெனச்சேன்.”

“நான் மனு எழுதிக் குடுத்தேனே. அவ செடிய வெட்டினாளே.”

“அன்னைக்குச் சொல்லியிருக்கணும்” என்றார். “நா பயந்துட்டேன், உலகு.”

அவர்மேல் கோபப்பட எனக்கு நிறையக் காரணம் இருக்கிறது. இன்று தெம்பு இல்லை.

அக்டோபர் 20

வடிவக்கா வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போனேன். இத்தனை வருடத்தில் சுவர் தாண்டித்தான் போயிருக்கிறேன். செருப்பை எங்கே விடுவது என்றுகூடத் தெரியவில்லை.

அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே டாக்டர் கொடுத்த தாளை நீட்டினேன். கோட்டைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். தவளையையும் சொன்னேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஏட்டி, காது கேக்கலன்னா கேக்கலன்னு சொல்ல வேண்டியதுதான? அதுக்கு என் செடியவாட்டி வெட்டவைக்கணும்?”

“எனக்கே தெரியாதுக்கா.”

“தெரியாதா?”

அவள் கேட்ட விதத்தில் என்னால் தலையாட்ட முடியவில்லை.

“தெரிஞ்சுக்க மனசில்ல” என்றேன்.

“ஆபீசரக் கூட்டியாந்து என் மோர மோந்து பாக்கவச்ச. தெருவே சிரிச்சுது. பூக்கடைக்காரன் கேக்கான், ‘வடிவு, விஷப் பூவா தாரே?’ன்னு. அவனுக்கு நா என்ன பதில் சொல்லுவேன்?” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வெட்டுனது மண்வெட்டியில்ல. ஒவ்வொரு செடிக்கும் என் நெஞ்சுல வெட்டு விழுந்துச்சு. ஒன்னப் பாத்துக்கிட்டேதான் வெட்டுனேன், வேண்டாம்க்கான்னு ஒரு வார்த்த சொல்லுவியான்னு. மரம் மாதிரி நின்ன.”

தாளை நாலாக மடித்தேன்.

“மிஷின் மாட்டுனா கேக்குமா?”

“கொஞ்சம் கேக்கும்னாங்க. ரெண்டு மாசத்துல வருமாம்.”

“மாட்டு. மாட்டிக்கிட்டு மொதல்ல இங்க வா. இன்னும் திட்ட வேண்டியது கெடக்கு, அதெல்லாம் நீ ஒழுங்காக் கேக்கணும்.” முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். “இருபத்திரண்டு குழி. நீதான் தோண்டணும். ஒன் வீட்டுக்காரர விடாத.”

அக்டோபர் 26

மழை ஈரத்தில் மண் எளிதாகத்தான் இருந்தது, ஆனாலும் பதினெட்டாவது குழியில் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டன. வடிவக்கா முன்பக்கம் மிச்சமிருந்த செடிகளில் வெட்டிய குச்சிகளைச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு, குழிக்குக் குழி நட்டுக்கொண்டே வந்தாள். பேசவில்லை. மண்ணை மிதிக்கும்போது மட்டும் வேண்டுமென்றே என் கால் பக்கத்தில் மிதித்தாள்.

மாலை. வெளிச்சம் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் மண்வெட்டியை ஓங்கியிருந்தேன். அவள் சட்டென்று நிமிர்ந்து, சேறு பூசிய கையை எனக்கு நேரே உயர்த்தினாள். நிறுத்து என்பது போல.

நிறுத்தினேன்.

அவள் எங்கள் மாமரத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். சருகு மேல் வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியவில்லை. காதைத் தீட்டினேன். என் மூச்சுதான் கேட்டது. அவள் உயர்த்திய கையில் ஒரு விரலை நீட்டினாள். கொஞ்சம் பொறுத்து இரண்டாவது விரலை.

இமயமலைப் பக்கமிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் வந்து இறங்கி, காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரண்டு இரண்டு தடவை விசில் அடிக்கிற பச்சைக்குருவி.

“அதுதானாக்கா? நிச்சயமாவா?”

“இப்பவும் என்னைய நம்பலயா நீ?”

“நம்புதேன்” என்றேன்.

“அப்பத் தோண்டு. இன்னும் நாலு கெடக்கு.”

தோண்டி முடித்து, குளித்து, கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு நோட்டை எடுத்தேன். பக்கத்தில் கடைசி வரியும் இன்னும் காலியாக இருந்தது. பேனாவைப் பிடிக்கக் கொப்புளம் விடவில்லை, எழுத்து கோணலாக வந்திருக்கிறது. வலது ஓரத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்து, இன்னொரு கட்டம் சேர்த்தேன்.

ஆறுமணிக்குருவி. குரல் கேட்ட நாள்: அக்டோபர் 26, மாலை 5.58, இரண்டு முறை. கேட்டவர்: வடிவக்கா.